டிபன் என்பது இட்லியா, டப்பாவா?

மாட்டுங்கா மாமி பதில்கள்

கேள்வி: மாமி, நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி பம்பாய்ப் பக்கத்து டோம்பிவிலிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் அம்மாவிடம் தொலைபேசியில், "அவருக்கு டிபன் கொடுத்தனுப்பிவிட்டேன்" என்றேன். "மத்தியானத்துக்கும் டிபன்தானா? மாப்பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வடித்துப் போட மாட்டாயா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். நான் கொடுத்தனுப்பியது சாதம், கீரைக்கூட்டு, வத்தக்குழம்பு. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?
— வாசகி, டோம்பிவிலி

பதில்: உன் அம்மா சொல்வதும் சரி, நீ சொல்வதும் சரி. மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நீ எழுதவில்லை. வத்தக்குழம்பு கிடைத்த மனிதர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

இந்தக் குழப்பம் எனக்கும் நேர்ந்ததுதான். 1974-ல் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள், கீழ்வீட்டு மராத்தி அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, என் கணவருக்கு டிபன் யார் எடுத்துப்போகிறார்கள் என்று கேட்டார். எனக்கு அப்போது இந்தி சுத்தமாக வராது. காதில் விழுந்த ஒரே தெரிந்த சொல் டிபன். தோசை வார்ப்பதுபோல் கையால் வட்டம் போட்டு, வயிற்றைத் தடவி, ஏழு மணிக்கே முடிந்துவிட்டது என்று காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஓர் அலுமினிய டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் ஆட்டினார். இந்த ஊர் டிபன் வயிற்றுக்குள் போவதற்கு முன் ரயிலில் ஏறும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு 1988 முதல் நானே வீட்டிலிருந்து டிபன் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தேன். உச்சத்தில் முப்பத்தெட்டு டப்பா. 2020 மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது, வீட்டிலிருந்து ஆபீசுக்கு டப்பா சுமக்கும் டப்பாவாலாக்கள் ஊருக்குப் போனார்கள், நானும் அடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டேன்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு பாக்கியால். ஐந்து தோட்டம் பக்கம் தனியாக இருந்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் மூன்று மாதம் பணம் தரவில்லை. நாலாவது மாதம் பணத்தோடு ஒரு தலையணைப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கியதாம். "நீங்கள் விற்கும் சொல் இதில் இருக்கிறது, மாமி" என்றார். 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற அகராதி. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேசிய கலப்படச் சொற்களையெல்லாம் திரட்டியது. தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல். பர்னெல் நம்மூர்ப் பக்கத்து ஆசாமி என்றே சொல்லலாம். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து, அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். பாவம், அகராதி அச்சாவதற்கு முன்பே 1882-ல் இறந்துபோனார்.

அந்த அகராதியின்படி டிபன் ஆங்கிலச் சொல்தான். அதுவும் கோட்டும் சூட்டும் போட்ட ஆங்கிலம் இல்லை, சாராயக்கடைப் பேச்சு. 'டிஃப்' என்றால் வீரியமில்லாத மட்டமான பானம், அல்லது அதில் ஒரு மடக்கு. 'டிஃபிங்' என்றால் வேளைகெட்ட வேளையில் குடிப்பதும் கொறிப்பதும். ஃபிரான்சிஸ் குரோஸ் என்ற முன்னாள் ராணுவக்காரர் கொச்சைச் சொற்களுக்கென்றே 1785-ல் ஓர் அகராதி போட்டார். அதிலும் இந்தச் சொல் உண்டு. முதல் அர்த்தம், சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் தின்பது. இரண்டாவது, வாய்ச்சண்டை. அவர் மூன்றாவதாகச் சேர்த்திருக்கும் அர்த்தத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதினால் ஆசிரியர் என் பக்கத்தை நிறுத்திவிடுவார்.

சாராயக்கடையிலிருந்து அது எப்படி உன் டோம்பிவிலிச் சமையலறைக்கு வந்தது? கும்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் இங்கே பெரிய சாப்பாட்டைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குச் சாப்பிட்டார்கள். பிறகு காலம் மாறி, அந்த டின்னர் இரவு ஏழு, எட்டு மணிக்குத் தள்ளிப்போயிற்று. நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. அந்த வெயிலில் மத்தியானம் எதையாவது போட்டு வயிற்றை நிரப்ப வேண்டும், ஆனால் அதை டின்னர் என்று சொல்ல முடியாது. கொறிப்பதைக் குறித்த பழைய கொச்சைச் சொல் அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. டிபன் என்றால் மத்தியான உணவு என்று ஆயிற்று. அந்த மேஜையில் நம் மிளகுத்தண்ணீரும் இருந்தது, அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி'யாகி. ஆக, கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது.

கவனித்துப் பார், அந்தச் சொல் எந்தப் பண்டத்தையும் குறிக்கவே இல்லை. 'பெரிய சாப்பாடு அல்லாதது' என்று மட்டும்தான் அதற்குப் பொருள். எந்த ஊரில் எது பெரிய சாப்பாடோ, அதை விட்டு மீதி இடத்தில் டிபன் போய் நின்றுகொள்ளும். தமிழ்நாட்டில் பெரிய சாப்பாடு என்றால் இலை போட்டுச் சாதம். எனவே இட்லி, தோசை, உப்புமா, அடை எல்லாம் டிபன். காப்பிக் கடைப் பலகைகள் அதை உறுதிப்படுத்திவிட்டன: சாப்பாடு ஒரு பக்கம், டிபன் ஒரு பக்கம். பம்பாயில் கணக்கு வேறு. இங்கே ஆள் விரார், டோம்பிவிலி, பன்வேல் என்று எங்கோ இருக்கிறான், ஆபீஸ் கோட்டைப் பகுதியில். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது சாப்பாடு. வாசற்படி தாண்டினால் டிபன். உள்ளே சாதமா சப்பாத்தியா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு உள்ளே இருப்பதை விட்டுவிட்டு டப்பாவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "டிபனைக் கழுவி வை" என்று என் மருமகள் சொல்கிறாள். கல்லிடைக்குறிச்சியில் இதைச் சொல்லியிருந்தால் இட்லியைக் குழாயடிக்கு எடுத்துப்போயிருப்பார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், மாதச் சந்தாவுக்கும் இங்கே டிபன்தான். நம்மூரில் பாலுக்குச் சொல்லிவைப்பதுபோல், தனிக்கட்டைகள் 'டிபன் லகா' வைத்துக்கொள்வார்கள். முப்பது நாள் வீட்டுச் சாப்பாடு வாசலுக்கு வரும். நான் விற்றது அதுதான்.

அம்மாவிடம் இனிமேல் "சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பினேன்" என்று சொல். சண்டை வராது.

கேள்வி: மாமி, டிபன் ஆங்கிலச் சொல் என்று கூசாமல் சொல்கிறார்கள். 'தின்பன' என்ற நம் தமிழ்ச் சொல்தான் வெள்ளைக்காரன் நாவில் திரிந்து டிபன் ஆயிற்று என்று நான் முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தேன். உங்கள் கருத்து?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், செம்பூர்

பதில்: ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. யூல் உயிரோடு இருந்தபோதே இப்படிப் பலர் வந்திருக்கிறார்கள். ஒருவர் அரபியிலிருந்து வந்தது என்றார். 'தஃபன்னுன்' என்றால் பொழுதுபோக்காம். வரலாறும் சான்றும் இல்லை என்று யூல் தள்ளிவிட்டார். இன்னொருவர் சீன மொழியில் சோறு தின்பதற்குச் சொல்லும் இரண்டு அசைகளைக் கொண்டுவந்தார். எதை வேண்டுமானாலும் சீன ஓரசைகளாக உடைத்துக் காட்டலாம் என்பதற்கு இது இன்னோர் உதாரணம் என்று அகராதியிலேயே குத்திவிட்டுப் போகிறார் மனிதர்.

'தின்பன' அழகான சொல்தான். ஆனால் இங்கிலாந்துத் தெருவில் டிஃபிங் என்ற சொல் ஏற்கெனவே இருந்திருக்கிறது, பொருளும் பொருந்துகிறது. உங்கள் மாணவர்கள் இப்போது யாரும் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: டிபனுக்குச் சரியான தமிழ்ச் சொல் சிற்றுண்டியா, பலகாரமா?
— கல்லூரி மாணவி, தாணே

பதில்: சிற்றுண்டி நல்ல சொல். பலகையில் எழுதலாம், பேச்சில் வருவதில்லை. "சிற்றுண்டி ஆயிற்றா?" என்று என்னிடம் யாராவது கேட்டால் திரும்பிப் பார்ப்பேன், யாரோ மேடையில் பேசுகிறார்களோ என்று.

பலகாரம் என் வீட்டுச் சொல். என் மாமியார் அமாவாசையன்று இரவு சாதம் தொடமாட்டார். "எனக்குப் பலகாரம்தான்" என்பார்; மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி. இந்தச் சொல்லும் ஒரு காலத்தில் வேறு வேலை பார்த்ததுதான். வடமொழியில் பலாகாரம் என்றால் பழம் தின்பது, விரதக்காரர்களின் உணவு. பழம் போய் இட்லி வந்தது, பிறகு விரதமும் போய்த் தீபாவளி முறுக்கு வந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? மராத்திக்காரர்களின் 'ஃபராள்' இதே சொல்லின் பிள்ளைதான். அங்கேயும் ஏகாதசி ஜவ்வரிசிக் கிச்சடிக்கும் ஃபராள், தீபாவளிச் சக்லிக்கும் ஃபராள். என் கீழ்வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "விரதத்தன்று அரிசியில் இட்லி தின்கிறவர்களுக்கும் எங்களுக்கும் என்ன உறவு?" என்றார். அவர் வீட்டு விரதத்தில் அரிசியே கூடாது.

கேள்வி: வெண்பொங்கல் அரிசிதானே? அது மட்டும் எப்படி டிபன்?
— வாசகர், முலுண்டு

பதில்: குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்று வந்தால் சாப்பாடு. வராவிட்டால் எது வந்தாலும் டிபன். என் மாமனார் கல்யாண வீட்டில் எட்டு இட்லியும் பொங்கலும் ஒரு கை கேசரியும் முடித்துக் கை கழுவிவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் "இன்னும் சாப்பிடவில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பொய் என்று யாரும் சொன்னதில்லை.

கேள்வி: என் மகள் கிளாஸ்கோவிலிருந்து அனுப்பிய படத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் 'டிஃபின்' என்று எழுதி ஏதோ கறுப்புத் துண்டுகள் இருக்கின்றன. அது என்ன?
— வாசகி, வாஷி

பதில்: நொறுக்கிய பிஸ்கட்டும் உலர்திராட்சையும் கலந்து, மேலே சாக்லேட் ஊற்றி, அடுப்பில் வைக்காமல் குளிர்வித்து வெட்டும் வில்லை. ஸ்காட்லாந்தில் பிரபலம். மத்தியான உணவு என்ற அர்த்தமெல்லாம் அங்கே பெரும்பாலும் மறந்துபோய், மிட்டாயாக மிஞ்சியிருக்கிறது. மகளை வாங்கித் தின்னச் சொல்லுங்கள், ஆனால் காலையில் வேண்டாம்.

கேள்வி: இத்தனை வருஷத்தில் உங்கள் டப்பா எப்போதாவது ஆள் மாறிப் போனதுண்டா?
— வாசகர், சயான்

பதில்: டப்பாவாலாக்கள் கையில் மாறியதாக என் நினைவில் இல்லை. மூடியில் பெயிண்டால் எழுத்தும் எண்ணும் இருக்கும்: எந்த ஸ்டேஷனில் ஏற்றியது, எங்கே இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி. ஒரு டப்பா நாலைந்து கை மாறிப் போய், பகல் ஒரு மணிக்குள் மேஜையில் இருக்கும், சாயங்காலத்துக்குள் காலியாக என் வாசலுக்குத் திரும்பிவிடும். 1890 வாக்கில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் ஆரம்பித்துவைத்த ஏற்பாடு. ஆட்கள் பெரும்பாலும் புணே பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வருகிற வார்கரிகள், விட்டல பக்தர்கள். நான் ரசம் அனுப்பினால் ஒழுகும் என்று முதல் வாரமே என்னைக் கண்டித்து நிறுத்தியவர் அவர்களில் ஒருவர்தான். அன்றிலிருந்து குழம்பைக் கெட்டியாக்கினேன்.

மாற்றியது நான். ஒரு திங்கட்கிழமை, மாடிக் குழாயில் தண்ணீர் வராத அவசரத்தில், இரண்டு பேருடைய உள்ளடுக்குகளை இடம் மாற்றி வைத்து மூடிவிட்டேன். ஒருவர் பாங்கு குமாஸ்தா, எல்லாம் சாப்பிடுவார். மற்றவர் மந்திராலயம் என்கிற இந்த ஊர்த் தலைமைச் செயலகத்தில் வேலை, நம்மவர், வெங்காயம் பூண்டு வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது என்பவர். அவருக்குப் போனது சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டு போட்ட உருளைக்கிழங்கும். பதினொரு மணிக்கு எனக்கு நினைவு வந்தது. டப்பா அதற்குள் சர்ச்கேட்டில் இருக்கும். பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் டப்பா திரும்பி வந்தது. திறந்தால், துடைத்துவிட்டதுபோல் காலி. அடியில் மடித்த ஒரு சீட்டு: "இன்றைய சாம்பாரில் வெங்காயம் இருந்ததுபோல் தோன்றுகிறது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். வாரம் ஒரு நாள், எனக்குச் சொல்லாமல், இப்படித் தெரியாமல் நடந்தால் நான் தவறாக நினைக்கமாட்டேன்."