மைனஸ் 20 குளிரில் சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகலாமா?

ரொறன்ரோவில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம், நண்பர்கள் சிம்கோ ஏரியில் ஐஸுக்கு மேல் இருந்து மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார்கள், மைனஸ் 20 என்று கேட்டதும் பயமாக இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஒரு வாரமாக மைனஸ் 20 என்றால் குளிரை நினைத்துப் பயப்பட வேண்டாம். "இன்றைக்கு நல்ல வெயில், பிளஸ் 5, குளிரே இல்லை" என்று கூப்பிட்டால்தான் நின்று யோசிக்க வேண்டும். பதினொரு குளிர்காலமாக ஸ்காபரோவில் இருந்து அந்த ஏரிக்குப் போய்வருகிறேன். புதிதாக வருகிற எல்லாரும் குளிருக்குப் பயப்படுகிறார்கள், இளகிய நாளை நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னுடைய மூன்றாவது குளிர்காலம், மார்ச் தொடக்கம். மூன்று நாளாக வெக்கை. அன்று காலை மைனஸ் 3, ஐஸ் மேலே கல் மாதிரி இறுகிக் கிடந்தது, நானும் நண்பனும் நம்பி நடந்து போனோம். மத்தியானம் பிளஸ் 6 ஆகிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு சந்தோஷமாக இருந்தோம். திரும்பும்போது கரைக்குப் பத்து அடி இருக்க, என் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அடியில் கால் தட்டியதால் தப்பினேன். நண்பன் படுத்துக்கொண்டு சறுக்கு வண்டியைத் தள்ளிவிட, அதைப் பிடித்து ஊர்ந்து வந்தேன். அதே இடம் இருபதடி ஆழமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பிறகுதான் காரணம் விளங்கியது. கரையோரக் கல்லும் மண்ணும் வெயிலில் சூடாகும், அதனால் ஐஸ் முதலில் விடுவது கரையில்தான். அத்தோடு, மார்ச் மாத ஐஸ் தடிப்பாக இருந்தாலும் உள்ளே பலம் இருக்காது. வெயில் இறங்கி இறங்கி, நெட்டுக்குத்தாக ஊசி ஊசியாகப் பிரிந்து நிற்கும். ஓர் அடித் தடிப்பு இருக்கிறதே என்று அளந்து நம்பினால் மோசம் போவோம். இரவுக் குளிர் மேலே ஒரு தோல் போட்டு அதை மறைத்தும் விடும்.

நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். உள்ளே தெளிவாக, நீலமாகத் தெரிகிற ஐஸ்தான் பலமானது. வெள்ளை ஐஸ் ஈர ஸ்னோ சேர்ந்து இறுகியது, உள்ளே காற்று இருக்கும், அதைப் பாதிப் பலம் என்று கணக்கு வையுங்கள். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கால் வைக்கவே கூடாது. ஓர் ஆள் நடக்க 10 செ.மீ. நீல ஐஸ் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் 15 செ.மீ. என்கிறது. நான் 15-ஐத்தான் பிடித்துக்கொள்கிறேன், ஐம்பது அடிக்கு ஒரு துளை போட்டுப் பார்த்துத்தான் முன்னே போவேன். ஓரிடத்தில் 20 செ.மீ. இருக்கும், நீரோட்டம் உள்ள பக்கத்து இடத்தில் 5 கூட இராது.

ஸ்னோ நிறையக் கொட்டினால் ஐஸ் தடிக்கும் என்று நினைத்திருந்தேன். அது போர்வை மாதிரி மூடி, மேலே இருக்கிற குளிரைக் கீழே இறங்க விடாது. பாரத்தில் ஐஸ் அமிழ்ந்து, வெடிப்பு வழியே தண்ணீர் மேலே வந்து கூழாக நிற்கும். வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று தெரியும், காலை வைத்தால் சப்பாத்து நனையும். ஸ்னோ குறைந்த, வறண்ட கடுங்குளிர்தான் நல்ல ஐஸைக் கொடுக்கும்.

காற்றையும் பாருங்கள். நீங்கள் போவது ஜோர்ஜினா பக்கம் என்றால் அது ஏரியின் தெற்குக் கரை. பலமான தெற்குக் காற்று அடித்தால் ஐஸைக் கரையில் இருந்து தள்ளிக்கொண்டு போகும், வெடிப்பு அகன்று நடுவில் தண்ணீர் வந்துவிடும். கடுங்குளிர் நாளில் உடம்புக்குப் பிரச்சினையும் காற்றால்தான்: மைனஸ் 15-இல் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 26 மாதிரி. காற்றில்லாத மைனஸ் 20 எனக்கு அதைவிடச் சுகம்.

இன்னொன்று, கடுங்குளிரில் ஏரி சத்தம் போடும். தூரத்தில் இடி மாதிரி தொடங்கி காலடியால் ஓடிப்போகும். முதல் நாள் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. குளிர் மாறும்போது ஐஸ் சுருங்கி விரிகிற சத்தம் அது, தடித்த ஐஸிலும் கேட்கும். பயப்படாதீர்கள்.

இவ்வளவு குளிரில் மீன் எப்படி உயிரோடு இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் 4 பாகையில்தான் அதிக கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். ஐஸ் மிதக்கும், அதுவே ஏரிக்கு மூடி. வெளியே மைனஸ் 25 ஆனாலும் அடியில் மீனுக்கு 4 பாகையை ஒட்டித்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் குளிரில் மீனின் உடம்பு மெதுவாகத்தான் ஓடும், கொஞ்சமாகத்தான் தின்னும். நான் அதிகம் தடுமாறியது இதில்தான். கிளிநொச்சியில் அப்பாவோடு இரணைமடுக் குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். யப்பான் மீன் (திலாப்பியா) இழுத்தால் தக்கை அப்படியே அமிழும், கை சொல்லிவிடும். இங்கே பேர்ச் மீன் இரையை வாயில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கும். தூண்டில் நுனி அரிசி அளவுக்கு அசையும், அல்லது இரையின் பாரம் திடீரென்று இல்லாதது மாதிரி இருக்கும். அதுதான் கடி. அதனால் மெல்லிய நுனி உள்ள இரண்டடித் தூண்டிலும் 4 இறாத்தல் பாரம் தாங்கும் நூலும் சிறிய கொக்கியும் வேண்டும். இரையை அடியில் தட்டி, ஒரு சாண் தூக்கி, அசையாமல் பிடியுங்கள். பத்து எண்ணும்வரை கையை ஆட்டாதீர்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை என்றால் எழுந்து வேறு துளைக்குப் போங்கள். பேர்ச் கூட்டமாகத் திரிகிற மீன், இல்லாத இடத்தில் பொறுமையாக இருந்து பயனில்லை. இருட்டினால் கடிக்காது, அதனால் பகலிலேயே முடித்துவிடலாம்.

ஏரி 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரியது. தெற்கே குக்ஸ் குடா ஆழம் குறைவு, முதலில் உறையும், முதல் தடவைக்கு அதுதான் நல்லது. பாரி நகரப் பக்கத்து கெம்பன்ஃபெல்ட் குடா மிக ஆழம், கடைசியில்தான் உறையும். ஆழத்தில் பேர்ச் பிடித்தால் இன்னொரு கவனம்: முப்பது நாற்பது அடியில் இருந்து இழுக்கும்போது காற்றுப்பை ஊதிவிடும், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். வேண்டிய அளவு கிடைத்ததும் நூலைச் சுற்றுங்கள். பிடித்துப் பிடித்து விடுவது அங்கே வீண் கொலை.

18 முதல் 64 வயது வரை லைசன்ஸ் வேண்டும். ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் தூண்டிலில் இருந்து 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும். உயிர் இரை மிஞ்சினால் ஏரியிலோ, தண்ணீரில் இருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக் கூடாது. எந்த மீன் எத்தனை, எந்தத் தேதி வரை என்பதை ஒன்ராறியோ அரசின் அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை சொந்தமாக நடந்து போகாதீர்கள். ஐஸ் குடிசை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஐஸை அளப்பவர்கள், கூட்டிக்கொண்டு போய்த் துளையும் போட்டுத் தருவார்கள். உள்ளே ஹீட்டர் இருக்கும், காற்றோட்டத் துவாரத்தைக் குளிருக்காக அடைத்துவிடாதீர்கள், கார்பன் மொனொக்சைட் மணக்காமலே ஆளைக் கொல்லும். அவர்கள் "இன்றைக்கு இல்லை" என்றால் கெஞ்ச வேண்டாம். 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவானதிலேயே வெப்பமானது. அந்த வருடம் நான் ஒரு நாளும் ஐஸில் கால் வைக்கவில்லை.

உடுப்பில் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துப் பிறகு குளிரும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் கால்தான் முதலில் மரக்கும். கழுத்தில் ஐஸ் குத்தி (கைபிடி வைத்த கூரான ஆணி) இரண்டைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், விழுந்தால் பிடித்து ஏற அதுதான் உதவும். துளையில் உறைகிற ஐஸை அள்ள வீட்டுக் கண்ணகப்பையே போதும். மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனால் ஜாக்கெட்டுக்கு உள்ளே வையுங்கள், வெளியே வைத்தால் பல் உடையும்.

பேர்ச்சில் குளத்து மீனின் சேற்று மணம் துளியும் இல்லை. கடல் மீனைத் தவிர வேறு தொடாத என் மாமியே இப்போது கேட்டு வாங்கிச் சமைக்கிறார். ஐஸில் போட்டால் மீன் கட்டையாக விறைத்துவிடும், விறைக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோலை உரியுங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி அன்றிரவே பொரியுங்கள், எலும்பு குறைவு, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். ஜனவரி கடைசியில் ஒரு நல்ல குளிர் வாரம் வந்ததும் போய்வாருங்கள்.