மகன் தனக்குக் கேட்கும் குரல்களை கீபோர்டில் வாசிக்கிறான், தடுக்கவா?

அம்பாறை மாவட்டத் திருக்கோவில் ஊரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: 23 வயது மகனுக்கு ஒன்றரை வருடமாக, பக்கத்தில் ஆள் இல்லாமலே யாரோ ஏசுவது கேட்கிறது. கிளினிக்கில் மருந்து எடுக்கிறான், முந்தியைவிடப் பரவாயில்லை. இப்போது அந்தக் குரல்களை கீபோர்டில் வாசித்துப் போனில் பதிகிறான். "கிளறினால் கூடிப்போகும்" என்கிறார்கள் சொந்தக்காரர். கீபோர்டை ஒளித்துவைக்கவா?

வேண்டாம் அம்மா. ஒளித்துவைத்தால் கீபோர்டுதான் இல்லாமல் போகும், குரல் இருக்கும்.

அவனுக்குக் கேட்பது நடிப்பும் இல்லை, வெறும் யோசனையும் இல்லை. குரல் கேட்கும் நேரத்தில் எடுத்த மூளைப் படங்களில், பேச்சுக்கான பகுதிகள் வேலை செய்வது தெரிந்திருக்கிறது. நாம் எல்லோரும் மனதுக்குள் பேசுகிறோம். அது தன்னுடைய பேச்சு என்று மூளை அடையாளம் காணத் தவறினால் வெளியாள் பேசுவதுபோல் கேட்கும் என்பது ஒரு விளக்கம். எல்லாக் குரலுக்கும் அது பொருந்தாது. நெருங்கியவர் செத்த பிறகு அவர் கூப்பிடுவது கேட்டது என்று சொல்கிறவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர், அவர்களை நாம் நோயாளி என்று சொல்வதில்லையே.

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல வைத்தியர் 1987இல் தன்னிடம் வந்த ஒரு பெண்ணோடு தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்று கேட்டார். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் குரல்களைச் சமாளித்தே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். குரலை அமுக்குவதோடு நிற்காமல், அது எப்படிப்பட்டது என்று கேட்டறியும் பழக்கம் பரவ அது ஒரு காரணம்.

உங்கள் மகன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். கிளினிக்கில் நாங்கள் "என்ன சொல்லுது?" என்று கேட்டால் "ஏசுது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் குரல் தூரத்திலா காதோரத்திலா, ஒருவரா பலரா, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்கிறதா, வருமுன் ஒரு இரைச்சல் வருகிறதா, இதெல்லாம் வாயால் சொல்ல வராது, வாசித்துக் காட்டலாம். அதோடு, தலைக்குள் தன் பாட்டில் வந்து போகும் சத்தத்தை இங்கே அவன் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், குறைக்கலாம், வேறு ராகத்துக்கு மாற்றலாம். அது சின்ன விஷயமில்லை. உடுக்குச் சத்தத்தில் உரு வந்து ஆடுகிறவரைக் கைகூப்பிக் கும்பிடுகிற நாம், ஒரு பெடியன் தனக்குக் கேட்பதை வாசித்தால் மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறோமோ தெரியாது.

சரி, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? முதலில் நித்திரை. இரவு இரண்டு மணிவரை வாசித்துக்கொண்டிருந்தால் மறுநாள் குரல் கூடத்தான் செய்யும், அப்புறம் பழி கீபோர்டில் விழும். வாசித்து முடிய அவன் கலங்கிப்போகிறான், பல நாள் அப்படியே என்றால், கொஞ்ச நாளைக்கு அந்தக் குரல்களை விட்டுப் பிடித்த பாட்டை வாசிக்கட்டும். குரல் தொந்தரவு செய்யும் நேரத்தில் ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு அந்தக் கணத்தில் குரல் தணிகிறது. இயர்போனும் உதவும், ஆனால் குரலை மூழ்கடிக்கச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காது பழுதாகும்.

மருந்தை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இசை மருந்துக்குப் பதில் இல்லை.

குரல் "செத்துப்போ", "அவனை அடி" என்று ஏவினாலோ, அவன் சாப்பாடு, நித்திரையை விட்டாலோ, கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். "மனே, எனக்கும் ஒருக்கா போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். காட்டினால் நடுவில் பேசாமல், அழாமல் கேளுங்கள். அவன் சம்மதித்தால் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பதிவையும் போனில் கொண்டுபோகட்டும், வைத்தியர் இரண்டு நிமிடமாவது கேட்பார்.