ஒப்பந்தம் தந்த குடியுரிமை – கடிதம்

வணக்கம். அமெரிக்க–மெக்சிகோ போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1848இல் கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம், மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்குப் பறிபோன நிலப்பகுதியில் தங்கிவிட்ட மெக்சிகர்களுக்குக் குடியுரிமையும் சொத்துப் பாதுகாப்பும் அளித்தது என்று எழுதியிருந்தீர்கள். கறுப்பின மக்களுக்கு அன்று கிடைக்காத நிலை அது. பிறகு ஏன் அந்த மெக்சிகர்களின் வாரிசுகள் இருபதாம் நூற்றாண்டிலும் நீதிமன்றப் படி ஏறினார்கள்?

ர., கோவை

அன்புள்ள ர.,

ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறது. ஓராண்டுக்குள் மெக்சிகக் குடியுரிமையே வேண்டும் என்று அறிவிக்காதவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகக் கருதப்படுவார்கள், சொத்து மதிக்கப்படும். ஆனால் முழு உரிமை எப்போது என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கும் என்றது ஒன்பதாவது பிரிவு. நில மானியங்களைக் காக்கும் பத்தாவது பிரிவைச் செனட் சபை அடியோடு நீக்கிவிட்டது.

நிலத்தின் கதை விரைவில் முடிந்தது. 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலிபோர்னியாவில் பழைய உரிமையாளர்களே ஆணையத்தின் முன் தங்கள் உரிமையை நிரூபிக்க வேண்டும். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வழக்கறிஞர் கட்டணத்துக்கே நிலத்தை விற்றவர்கள் உண்டு.

குடியுரிமையின் கதை இன்னும் சிக்கலானது. 1849ஆம் ஆண்டுக் கலிபோர்னிய அரசியலமைப்பு, மெக்சிகர்களில் வெள்ளையரான ஆண்களுக்கே வாக்குரிமை தந்தது. அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் மானுவேல் தொமிங்கேஸ். 1857இல் அவர் சாட்சி சொல்ல வந்தபோது, செவ்விந்திய இரத்தம் உள்ளவர் என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. மாநிலத்தின் அரசியலமைப்பில் கையெழுத்திடத் தகுதி உண்டு, சாட்சிக் கூண்டில் ஏறத் தகுதி இல்லை! இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைய சட்டப்படி, குடியேறுபவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினருமே குடியுரிமை பெற முடியும். 1897இல் சான் அந்தோனியோவில் ரிக்கார்தோ ரொத்ரிகேஸ் என்பவரின் விண்ணப்பம் இந்தத் தடையில் சிக்கியது. தோற்றத்தைப் பார்த்தால் அவரை வெள்ளையர் என்று வகைப்படுத்துவது கடினம் என்று கருதிய நீதிபதி, மெக்சிகர்களுக்குக் குடியுரிமை தந்த ஒப்பந்தங்களைச் சுட்டிக்காட்டி விண்ணப்பத்தை ஏற்றார். ஒப்பந்தம் அவரைக் காத்தது உண்மை. ஆனால் மெக்சிகர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் என்ற நிலை இதனால் வலுப்பட்டது. உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

டெக்சாஸின் ஜாக்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பீட் எர்னாந்தெஸ் மேல்முறையீடு செய்தார். கால் நூற்றாண்டாக அந்தக் கவுண்டியின் ஜூரிகளில் மெக்சிகப் பெயர் கொண்ட ஒருவர்கூட அமர்ந்ததில்லை. டெக்சாஸ் நீதிமன்றம் சொன்ன பதில் இது: மெக்சிகர்கள் வெள்ளையர்கள், ஜூரிகளும் வெள்ளையர்கள், எனவே பாகுபாட்டுக்கு இடமே இல்லை. அதே நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பெயர்ப்பலகை இல்லை. மற்றொன்றில் கறுப்பின ஆண்களுக்கு என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. எர்னாந்தெஸுக்காக வாதாடிய கஸ் கார்சியா, கார்லோஸ் காதேனா ஆகியோரின் தரப்பு இதை எடுத்துக்காட்டியது. 1954 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தகர்த்த பிரவுன் தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். பிரவுனை அறிந்தவர்களில் பலர் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதற்குப் பிறகும், மெக்சிகர்கள் வெள்ளையர்களே என்ற அந்த வாதம் சாகவில்லை. 1970இல் ஹூஸ்டனில், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை வெள்ளையர் கணக்கில் எழுதி, கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்த்துப் பிரிவினை ஒழிந்ததாகக் காட்டும் திட்டம் நடப்புக்கு வந்தது. வெள்ளையர் பள்ளிகள் பல அப்படியே இருந்தன. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து, தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் தாங்களே வகுப்புகள் நடத்தினார்கள்.