விவிவிவிவிவி: ‘வேனி விடி விச்சி’யில் சிக்கியவருக்கு

விவிவிவிவிவி (VVVVVV) என்ற வீடியோ கேம் குட்டி ஆட்டம், அழகு, ஆனால் ஈவிரக்கமில்லாதது என்ற விமர்சனம் பாதிதான் சரி. நீங்கள் மாட்டியிருக்கும் ‘வேனி விடி விச்சி’ பகுதி கட்டாயமே இல்லை; 20 டிரிங்கெட்டுகளில் (ஆட்டத்தில் தேடிச் சேர்க்கும் பொருட்கள்) ஒன்றுக்காக மட்டும். விட்டுவிட்டுக் கதையை முடிக்கலாம்.

எடுத்தே தீருவேன் என்றால்: இந்த ஆட்டத்தில் குதிக்க முடியாது, ஈர்ப்பு விசையை மேல்கீழாகத் திருப்பத்தான் முடியும். இங்கே அதை ஒருமுறை திருப்பியதும் நடுவில் எங்கும் நிற்க முடியாது, உச்சி வரை முட்களுக்கிடையே பறந்து, மறுபடி திருப்பி அதே வழியில் இறங்க வேண்டும். இத்தனை பாடும் முழங்கால் உயரக் கட்டை ஒன்றைத் தாண்டத்தான் (குறும்பு!). திசை விசையை அழுத்திப் பிடித்தால் முள்ளில் மோதுவீர்கள். தட்டித் தட்டி விடுங்கள். ஒவ்வொரு அறையிலும் இடைவெளி எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யுங்கள், இறங்கும்போது வரிசை தலைகீழ். அமைப்புகளில் (settings) ஆட்டத்தின் வேகத்தை 80, 60, 40 சதவீதமாகக் குறைக்கலாம். முதலில் 60 வையுங்கள்.