36 வாரத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளை ஸ்டுடியோவில் எப்போது படமெடுக்கலாம்?

36 வாரம் முடிந்து பிறந்த உங்கள் இரட்டைக் குழந்தைகளுக்கு இப்போது 12 நாள் ஆகிறது, இரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்கிறார்களே, உடனே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பச்சிளங்குழந்தைகளைப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப்பட வேண்டாம்.

அந்த இரண்டு வாரக் கணக்கு நிறைமாதக் குழந்தைக்கு உரியது. அந்த நாள்களில் குழந்தை ஆழ்ந்து தூங்கும், வயிற்றுக்குள் இருந்ததுபோலவே கைகால்களை மடக்கிக்கொள்ளும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். இரட்டையரில் பலர் 37 வாரம் நிறையும் முன்பே, 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்துவிடுவதால், பிறந்த நாளை விட்டுவிட்டு மருத்துவர் முதலில் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியை ஒட்டி நாள் பார்ப்பதே சரி. உங்கள் கணக்கில் அதற்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. பிறந்து 30 நாள் கழியாமல் பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் அம்மாச்சி சொன்னால், இந்த விஷயத்தில் அவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எடை ஒழுங்காக ஏறுகிறது, வெளியே கொண்டுபோகலாம் என்று குழந்தை மருத்துவர் சொன்ன பிறகு நாள் குறியுங்கள்.

எடை குறைந்த குழந்தையின் உடலில் கொழுப்பு குறைவாக இருப்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். ஆகையால் துணியை அவிழ்த்துப் படமெடுக்கும் அறை 26 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் உடன் வந்த உறவினர்கள் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள். கூட்ட மறுக்கும் ஸ்டுடியோவை நம்பலாம்.

இரட்டையரைப் படமெடுப்பதில் உண்மையான சிக்கல் தூக்கம்தான். ஒன்று உறங்கும்போது மற்றது பசித்து அழும். ஆகவே இருவரும் பால் குடித்து ஒருசேரக் கண்ணயர்ந்தவுடன், தனித்தனிப் படங்களை ஒத்திவைத்துவிட்டு, சேர்ந்திருக்கும் படத்தை முதலில் எடுத்துவிடுவேன். பெரிய குழந்தையை முதலில் கிடத்தி, அதன் தோளையொட்டிச் சிறியதைச் சாய்த்து, இரண்டு முகவாயும் நெஞ்சில் படியாதபடி அடியில் மடித்த துணியைக் கொடுப்போம். தலை முன்னால் கவிழ்ந்து முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் பாதை குறுகிவிடும் என்பதால், படம் எடுத்து முடியும்வரை உதவியாளர் குழந்தைகளை விட்டுக் கண்ணையோ கையையோ எடுக்கக் கூடாது. வசம்பு வளையலைச் சற்று நேரம் கழற்றி வைப்பது நல்லது. நெருங்கிப் படுக்கும்போது ஒன்றின் மணிக்கட்டிலிருக்கும் வளையல் மற்றதன் கன்னத்தில் வரிவரியாகத் தடம் பதித்துவிடும். திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும், அதை நான் அழிப்பதே இல்லை.

கைகளில் முகவாயை ஊன்றிக்கொண்டு குழந்தை தானாகவே நிமிர்ந்திருப்பதுபோல நீங்கள் இணையத்தில் பார்க்கும் படம், ஒரே சொடுக்கில் எடுத்ததன்று. ஒரு முறை தலையையும் மறு முறை கைகளையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, இரண்டு படங்களாக எடுத்துக் கணினியில் ஒட்டுவது. நேராகவே எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த நிலையே வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லிய துணியில் கை உள்ளடங்கச் சுற்றிவிட்டால் திடுக்கிட்டு விழிப்பதும் குறையும். அதற்குப் புதுச் சேலை கூடாது. கஞ்சி மொடமொடப்புப் போகப் பலமுறை துவைத்த பழைய சுங்குடிச் சேலை வீட்டில் இருந்தால் எடுத்துவாருங்கள், எங்கள் கடைத் துணிகளைவிட அது மிருதுவாக இருக்கும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையின் நிறம் சற்று நீண்ட நாள் தங்கக்கூடும். படத்தில் அதை எங்களால் மாற்றிவிட முடியும், ஆனால் கண்ணின் வெள்ளையிலும் மஞ்சள் தெரிந்தால் ஸ்டுடியோவுக்கு வருவதைத் தள்ளிப்போட்டு, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், அப்படி நாள் தள்ளிப்போனால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும், குழந்தைகளின் படங்களை உங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடுவார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.