ஒரே புரோகிராமுக்குள் சர்வரும் திரையும்

வணக்கம் சார்,

அரிசி ஆலை ஒன்றின் எடைமேடைக்குப் பைத்தானில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரைக்கு டிகிண்டர் (ஜன்னல், பட்டன் வரையும் பைத்தான் நூலகம்). முதலாளி போனிலேயே எடையைப் பார்க்கணும், சீட்டும் அங்கிருந்தே அடிக்கணும் என்றதால், அதே புரோகிராமுக்குள் தனி த்ரெட்டில் (ஒரே புரோகிராமுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலைச் சரடு) ஃப்ளாஸ்க் என்ற பைத்தான் வலை சர்வரை ஓடவிட்டேன். போனிலிருந்து சீட்டு பெரும்பாலும் வருகிறது. ஆனால் மேசைக் கம்ப்யூட்டரில் அதே பட்டனை அழுத்தினால் திரை உறைந்துவிடுகிறது. கோடிங்கை இணைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு டேட்டாபேஸ் வை என்கிறான் நண்பன். வைக்கலாமா?

வே.

அன்புள்ள வே.,

டேட்டாபேஸ் வேண்டாம். இரண்டும் ஒரே பிராசஸில், ஒரே மெமரியில்தான் இருக்கின்றன. பேசிக்கொள்ள வழி இருக்கிறது, யார் எதைத் தொடலாம் என்ற முறைதான் இல்லை.

சீட்டு அடிக்கும் வேலை முழுவதையும் ஃப்ளாஸ்க் ரூட்டுக்குள் (ஒரு முகவரிக்குக் கோரிக்கை வந்தால் ஓடும் ஃபங்ஷன்) எழுதிவிட்டு, மேசைப் பட்டனிலிருந்தும் 127.0.0.1-க்கு, அதாவது அதே கம்ப்யூட்டருக்கே, கோரிக்கை அனுப்பி அதையே கூப்பிடுகிறீர்கள். பட்டன் ஓடுவது திரையை நடத்தும் மெயின் த்ரெட்டில், அது சர்வரின் பதிலுக்காக நிற்கிறது. சர்வர் த்ரெட்டோ நடுவில் ஒரு லேபிளை மாற்றப் பார்க்கிறது. வேறு த்ரெட்டிலிருந்து வரும் அப்படிப்பட்ட அழைப்பை டிகிண்டர் தானே மெயின் த்ரெட்டுக்குக் கடத்திவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும். ஆக இவர் அவருக்காக, அவர் இவருக்காக, இரண்டு பேரும் நிற்கிறார்கள். போனிலிருந்து அழுத்தும்போது மெயின் த்ரெட் சும்மா இருப்பதால் தப்பிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சீட்டு வேலையைச் சாதாரண ஃபங்ஷனாக வெளியே எடுங்கள். மேசைப் பட்டன் அதை நேராகக் கூப்பிடட்டும். போனுக்கான ரூட் எதையும் தொடாமல் ஒரு க்யூவில் (வேலைகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) வேலையைப் போட்டுவிட்டு, அந்த வேலையோடு சேர்த்து அனுப்பிய குட்டி க்யூவில் பதிலுக்காக 2 விநாடி காத்திருக்கட்டும். மெயின் த்ரெட் டிகிண்டரின் ஆஃப்டர் (after, குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் வசதி) போட்டு 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை க்யூவை எட்டிப் பார்த்து, இருப்பதை முடித்து, பதில் போடும். பதில் வரவில்லையா, ரூட் 503 (இப்போது முடியாது என்ற பதில்) அனுப்பிவிடலாம். ஆனால் கவனம்: ரூட் கைவிட்ட வேலை க்யூவில் அப்படியே கிடக்கும், முதலாளி பொறுமையில்லாமல் மறுபடி அழுத்துவார், ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு வந்து நிற்கும். அப்புறம் கணக்குப்பிள்ளையிடம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். அதனால் வேலையிலேயே காலாவதி நேரத்தையும் எழுதுங்கள், நேரம் தாண்டியதை மெயின் த்ரெட் தூக்கிப் போடட்டும்.

எடையைக் காட்ட இவ்வளவு சுற்ற வேண்டாம். எடைமேடையின் எண் வரும் சீரியல் போர்ட்டைப் படிக்கும் த்ரெட் கடைசி எடையையும் நேரத்தையும் ஒரு டப்பிளாக (சேர்ந்தே மாறும் ஜோடி) ஒரே பெயரில் வைத்துக்கொண்டே போகட்டும், சர்வர் அதை வாசித்தால் போதும். நேரம் பழசாக இருந்தால் எண்ணைக் காட்டாதீர்கள். கேபிள் கழன்ற பிறகும் போனில் பழைய எடை நிற்பதைப் போல ஆபத்து வேறு இல்லை.

நீங்கள் கேட்காதது ஒன்று. சீட்டு ரூட்டை கெட் (GET, லிங்க்கைத் திறந்தாலே போகும் கோரிக்கை) முறையில் வைத்திருக்கிறீர்கள், கடவுச்சொல்லும் இல்லை. 0.0.0.0-வில், அதாவது நெட்வொர்க் முழுவதற்கும், திறந்திருப்பதால் ஆலை வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். சரி, 127.0.0.1 மட்டும் என்று மாற்றினால் பிழைத்தோமா என்றால் அதுவும் இல்லை. 2019 ஜூலையில் மேக் கம்ப்யூட்டர்களில் ஜூம் செயலி 19421-ஆம் போர்ட்டில் இப்படி ஒரு சர்வரை ஓடவிட்டிருந்தது வெளியே வந்தது. ஏதோ ஒரு வலைப்பக்கம் அதற்கு ஒரு கோரிக்கை அனுப்பியே ஆளை மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. பதிலைப் பிரௌசர் படிக்க விடாது என்பதால், சர்வர் ஒரு படத்தை அனுப்பி அதன் அளவிலேயே பதிலை ஒளித்துச் சொன்னதுதான் வேடிக்கை. செயலியை நீக்கினாலும் சர்வர் அங்கேயே இருந்தது, கடைசியில் ஆப்பிளே அப்டேட் போட்டு அகற்றியது.

எனவே சீட்டுக்கு போஸ்ட் (POST) கோரிக்கை மட்டும். புரோகிராம் முதல் தடவை ஓடும்போது ஒரு ரகசிய டோக்கனை உருவாக்கி, மேசைத் திரையில் க்யூஆர் கோடாகக் காட்டுங்கள், முதலாளி ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளட்டும். போன் பக்கம் அதை ஒவ்வொரு முறையும் ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 403 (அனுமதி இல்லை என்ற பதில்), எடை பார்ப்பதற்கும் சேர்த்து.