நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

உணவும் உடலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 160 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ. வங்கியில் நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே வேலை. மாலையில் மரைன் டிரைவ் வழியாக ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். கைத்தொலைபேசிச் செயலியில் ‘ஓரளவு இயக்கமுள்ளவர்’ என்று பதிந்தபோது, எடை குறைவதற்கு நாளொன்றுக்கு 1,450 கலோரி சாப்பிடச் சொன்னது. நடந்து முடிந்ததும் கைக்கடிகாரம் 380 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது. செயலி அதையும் சேர்த்து 1,830 வரை சாப்பிடலாம் என்கிறது. அப்படியே சாப்பிட்டு வருகிறேன். ஆறு வாரமாக எடை அசையவில்லை. எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டால் நடந்து என்ன பயன் என்று மச்சாள் கேட்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, உங்கள் விடயத்தில் மச்சாளின் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அவர் சொல்வதை எல்லோருக்குமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எரித்ததைச் சாப்பிடலாமா என்று கேட்பதற்கு முன், செயலி கொடுத்த இலக்கில் உங்கள் நடை ஏற்கனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் இலக்கில் அது சேர்ந்தே இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. அதன்படி, நீங்கள் அசையாமல் படுத்திருந்தாலும் உங்கள் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,415 கலோரி செலவழிக்கும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு இதை 1.2ஆல் பெருக்குவார்கள், அது ஏறத்தாழ 1,700. ‘ஓரளவு இயக்கமுள்ளவர்’ என்றால் 1.375ஆல் பெருக்குவார்கள், அது ஏறத்தாழ 1,950. இந்த 1,950இலிருந்து 500ஐக் கழித்தால் உங்களுக்குக் கிடைத்த 1,450 வந்துவிடுகிறது. ஆகவே 1,700க்கும் 1,950க்கும் இடையிலுள்ள 250 கலோரிதான் உங்கள் மாலை நடை. அதன் பிறகு கைக்கடிகாரம் தரும் 380ஐயும் கூட்டுவது, ஒரே சம்பளத்தை இரண்டு தடவை வரவில் பதிவதற்குச் சமம். வங்கியில் இருக்கும் உங்களுக்கு அதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 380உம் நம்பத்தக்க எண் அல்ல. 78 கிலோ எடையுள்ளவர் சாதாரண வேகத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் ஏறத்தாழ 270 கலோரி செலவாகும். அதே நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 78 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடையால் கூடுதலாக எரிந்தது 195 அளவில்தான். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் அணியும் 7 கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. ஆனால் கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியில்கூடச் சராசரியாக 27 சதவீதப் பிழை இருந்தது. கொழும்பில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கடற்காற்று நின்றுபோன புழுக்கமான மாலையில், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும். துடிப்பை வைத்துக் கணக்கிடும் கைக்கடிகாரம் அதையும் உழைப்பாக எழுதிவிடும்.

ஆக, நீங்கள் உண்மையில் செலவழிப்பது 1,700உடன் 195 சேர்ந்து ஏறத்தாழ 1,900 கலோரி, சாப்பிடுவது 1,830. மிஞ்சுவது 70. தாளிக்கும்போது அளக்காமல் விட்ட ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே 120 கலோரி. இடியப்பத்துக்குச் சம்பல் அரைக்கையில் 30 கிராம் தேங்காய்ப்பூ கூடிவிட்டால் 105 கலோரி. எடை அசையாததற்கு நீங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்பது காரணமல்ல; கூட்டக்கூடாத எண்ணைச் செயலி கூட்டிவிட்டது.

செயலியின் அமைப்புக்குள் போய், உடற்பயிற்சிக் கலோரியை இலக்கில் சேர்க்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். நடந்தாலும் நடக்காவிட்டாலும் 1,450. இதனால் செலவழிப்பதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கலோரி குறைவாகச் சாப்பிடுவீர்கள். வாரத்துக்கு 400 கிராம் வரை இறங்கலாம். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடலில் நீர் தங்கி எடை கூடுவது இயல்பு என்பதால், காலை எடைகளின் வாரச் சராசரியை மட்டும் நான்கு வாரம் பாருங்கள். உண்மையாகவே பசிக்கிற நாளில், முக்கியமாக வழக்கத்தைவிட அதிகம் நடந்த நாளில், ஓர் அவித்த முட்டையோ அரைக் கோப்பை அவித்த கடலையோ சாப்பிடுவதில் தவறில்லை. பசியோடு படுத்து, மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வரும் வழியில் பேக்கரியில் ரோல்ஸ் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

நடை வீணாகிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2012இல் ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தினரை அளந்தபோது, அவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய மக்களைவிட மிக அதிகம் நடந்தும், உடலளவைக் கணக்கில் கொண்டால் நாளாந்தக் கலோரிச் செலவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. உடல் வேறு இடங்களில் மிச்சம் பிடித்துக்கொள்கிறது. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே உரியது. ஆனால் இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தவும், குறைந்த எடை திரும்ப ஏறாமல் காக்கவும் நடை பெரிதும் உதவும்.

செயலியில் ‘உட்கார்ந்தே இருப்பவர்’ என்று பதிந்தவர்களுக்கு நடை அவர்களது இலக்கில் சேர்ந்திருக்காது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டுவதில் பாதி வரை சாப்பிடலாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் இந்தக் கணக்கு எதையும் பின்பற்ற வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நடந்தால் அவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கிளினிக்கில் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். நடக்கப் போகும்போது மூன்று தேக்கரண்டி சீனியைச் சிறு பொட்டலமாகக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, எடை 50 கிலோ. பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள். தினமும் இரண்டு மணித்தியாலப் பயிற்சி. மெலிந்தால் வேகமாக ஓடலாம் என்று காலையில் ஒரு துண்டுப் பாணும் இரவில் கொஞ்சம் சோறும்தான் சாப்பிடுகிறாள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. பயிற்சிக் காலத்தில் இது வழமை என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை அம்மா, இது வழமை அல்ல. உங்கள் மகள் எரிப்பது முழுவதையும் திரும்பச் சாப்பிட்டே ஆக வேண்டும்.

பயிற்சிக்குப் போக மிஞ்சுகிற சக்தியில்தான் இதயம், எலும்பு, சுரப்பிகள் எல்லாம் இயங்க வேண்டும். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி அளவில் அது மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே நீண்ட நாள் போனால் உடல் முதலில் கைவிடுபவற்றில் மாதவிடாயும் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை விளையாட்டு வீரர்களின் தனியான உடல்நலப் பிரச்சினையாக வரையறுத்தது. எலும்பு உறுதிப்படும் வயதில் இப்படிப் பட்டினி கிடந்தால், சிறு சிறு எலும்பு முறிவுகள் வந்து அவள் விளையாட்டையே நிறுத்த நேரலாம். சாப்பிடாமல் மெலிந்தவளுக்கு வேகமும் கூடுவதில்லை. தசை கரைந்து, களைப்புத்தான் மிஞ்சும்.

பிள்ளையிடம் கலோரி எண் எதையும் பேச வேண்டாம். கைத்தொலைபேசியில் அப்படியொரு செயலி இருந்தால் அவளோடு பேசி எடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு முன் வாழைப்பழமும் பாலும் கொடுங்கள். முடிந்த கையோடு முட்டை சேர்த்த பாணோ கடலையோ மைதானத்திலேயே சாப்பிடட்டும். மதியமும் இரவும் சோற்றோடு மீன், பருப்பு, கீரை. இவற்றைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்காமல், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நிற்பதற்குத் தைரொயிட் கோளாறு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றை இரத்தப் பரிசோதனை செய்தே ஒதுக்க வேண்டும். மருத்துவர் சம்மதிக்கும் வரை பயிற்சியைக் குறைக்கும்படி பயிற்றுநரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் விடாதீர்கள்.